ஸ்கார்பரோ அண்ணனா, முகம் தெரியாத மேனேஜரா? டொரண்டோவில் வேலைக்கு யாரைப் பிடிப்பது?

டொரண்டோவுக்குப் புதிதாக வருகிறவர் தனக்கு வேலை கிடைக்க உதவும் ஆளைப் பிடிக்க நாலு வழி உண்டு. நம்ம ஆட்கள், லிங்க்ட்இன் என்ற தொழில் தொடர்புத் தளத்தில் முகம் தெரியாதவர்கள், அரசுப் பணத்தில் நடக்கும் வழிகாட்டித் திட்டங்கள், ஏஜென்சிகள். நாலையும் சேர்த்து 'நெட்வொர்க்கிங்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதால்தான் குழப்பம். கிடங்கு வேலைக்குப் பிடிக்க வேண்டிய ஆள் வேறு, வங்கி வேலைக்குப் பிடிக்க வேண்டிய ஆள் வேறு.

வேகம்தான் முக்கியம் என்றால் நம்ம ஆட்களை எதுவும் அடித்துக்கொள்ள முடியாது. 1983 கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்து இறங்கியவர்களை நிமிர்த்தியது இந்த வலைதான். இன்றும் தமிழர்கள் அதிகமுள்ள ஸ்கார்பரோவிலோ மார்க்கமிலோ ஒரு கோயில் திருவிழாவிலோ பிறந்தநாள் விழாவிலோ நாலு பேரிடம் சொல்லி வைத்தால் போதும். கடை, உணவகம், பேக்டரி, கிடங்கு என்று ஏதாவது ஒன்று மாதத்துக்குள் வந்துவிடும். வாடகைக்கு பேஸ்மென்ட், பழைய கார், டிரைவிங் சொல்லித் தர ஆள், எல்லாம் கூடவே வரும். இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் ஜனவரிக் குளிரில் கையில் காசில்லாமல் நின்றதில்லை.

ஆனால் அந்த வலை தன்னிடம் இருக்கிற வேலையைத்தான் தரும். "தம்பி, முதல்ல இதில நில்லும், பிறகு பாப்பம்" என்று சொல்கிற அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார். அந்தப் 'பிறகு' இரவு ஷிப்டில் கரைந்துபோகும். பகலில் தூங்குகிறவர் யாரைப் போய்ப் பார்ப்பது? இரண்டு வருடம் கழித்து ரெஸ்யூமேயை எடுத்தால், சென்னையில் செய்த வேலைக்கும் இன்றைக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் தெரியும். கையில் காசாகக் கொடுக்கும் இடமாக இருந்தால் இன்னும் மோசம். பே ஸ்லிப் இல்லை, டி4 என்கிற வருடாந்தரச் சம்பளச் சான்று இல்லை, வேலையிழப்புக் காப்பீட்டுக்கு மணிக்கணக்கு ஏறாது, நாளைக்கு ஒரு சான்றுக் கடிதமும் தர மாட்டார்கள். டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2025 அக்டோபர் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர். சொந்தக்காரர் கடை என்பதற்காக அதற்குக் கீழே போகத் தேவையில்லை.

லிங்க்ட்இன் வழி இதற்கு நேர் எதிர். மெதுவானது, வெட்கத்தை விடச் சொல்வது, பதிலே வராத செய்திகள் நிறைந்தது. ஆனாலும் படித்த துறையிலேயே வேலை வேண்டுமென்றால் என் ஓட்டு இதற்குத்தான். காரணம் பழையது. 1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், பாஸ்டன் பக்கத்துப் புறநகர் ஒன்றில் வேலை மாறியவர்களை விசாரித்து ஒன்றைக் காட்டினார். ஆள் மூலமாக வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தகவலைத் தந்தது நெருங்கிய நண்பர் அல்ல, எப்போதாவது பார்க்கிறவர். நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். தூரத்தில் இருப்பவருக்குத்தான் வேறு செய்தி தெரியும். 2022-இல் லிங்க்ட்இன்னிலேயே 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த சோதனைகளின் முடிவு இதைக் கொஞ்சம் திருத்தியது. அறவே தெரியாதவரை விட, அரைகுறையாகத் தெரிந்தவர் மூலம்தான் அதிகம் பேர் வேலை மாறுகிறார்கள். கணினி சார்ந்த தொழில்களில் இந்தத் தூரத்து உறவு நன்றாகவே வேலை செய்கிறது. அப்படியல்லாத தொழில்களில் நெருங்கிய உறவுக்குத்தான் பலம். கிடங்கு வேலைக்கு அண்ணன், ஐ.டி. வேலைக்கு அரைத் தெரிந்தவர் என்று நம் ஊர் அனுபவம் சொல்வதும் அதையேதான்.

(வேலை தேடுவோர் பட்டறைகளில் "80 சதவீத வேலைகள் விளம்பரத்துக்கே வருவதில்லை" என்று சொல்வார்கள். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இதுவரை ஒருவரும் காட்டியதில்லை. அதை நம்பி விண்ணப்பம் போடுவதை நிறுத்திவிடாதீர்கள்.)

செய்தி எப்படி எழுதுவது என்பதில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். "மதிப்பிற்குரிய சார், நான் கனடாவுக்குப் புதிது, தகுந்த வேலை இருந்தால் தெரிவிக்கவும், ரெஸ்யூமே இணைத்துள்ளேன்." இப்படி வருவதைப் படித்தவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது, மூடிவிடுவார். அதே ஆள் இப்படி எழுதலாம்: "நீங்கள் கோயம்புத்தூரில் சாப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்து இங்கே வங்கிப் பக்கம் வந்திருப்பதைப் பார்த்தேன். நானும் அதே வேலையில் எட்டு வருடம் இருந்தேன். இங்கே வங்கிக் குழுக்கள் ஆட்டோமேஷனை எந்த அளவுக்கு எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அடுத்த வாரம் 15 நிமிடம் கிடைக்குமா?" இதில் வேலை கேட்கவே இல்லை, பதில் சொல்ல முடிந்த ஒரு கேள்வி இருக்கிறது. பெரியவராக இருந்தாலும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். முதல் சில தடவை நாக்கு கூசும், பிறகு பழகிவிடும். பேசி முடிக்கும்போது "இது பற்றி நான் வேறு யாரிடம் பேசினால் நல்லது?" என்று கேட்டு ஒரு பெயரை வாங்கிக்கொண்டு வர வேண்டும். அந்தப் பெயர்தான் அன்றைய சம்பாத்தியம்.

சிபாரிசு கிடைக்கிற நிலை வந்தால் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல கம்பெனிகளில் ஊழியர்தான் தன் உள்கணக்கிலிருந்து உங்கள் பெயரை ஏற்ற வேண்டும். அதற்குள் அவசரப்பட்டு நீங்களே வெப்சைட்டில் விண்ணப்பித்துவிட்டால், பிறகு சிபாரிசு ஒட்டாமல் போகலாம். முதலில் அவரைக் கேளுங்கள், அப்புறம் பட்டனை அழுத்துங்கள். எடுக்கப்பட்டால் அவருக்கும் பல இடங்களில் போனஸ் உண்டு, அதனால் ஏதோ பிச்சை கேட்பதுபோல் குறுக வேண்டாம். ரெஸ்யூமேயில் போட்டோ, வயது, அப்பா பெயர், கல்யாணம் ஆனதா என்பதெல்லாம் இருந்தால் அனுப்புவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது வழி, புதிதாக வந்தவர்களின் வேலைக்கு உதவும் டிரைஎக் (TRIEC) என்ற டொரண்டோ அமைப்பு நடத்தும் வழிகாட்டித் திட்டம் போன்றவை. உங்கள் துறையிலேயே இங்கே வேலை பார்க்கிற ஒருவரோடு சில மாதங்களுக்கு உங்களைச் சேர்த்து வைப்பார்கள். அக்செஸ் எம்ப்ளாய்மென்ட் அமைப்பு நடத்தும் 'ஸ்பீட் மென்டரிங்'கில், ஒருவரிடம் சில நிமிடங்கள் பேசிவிட்டு அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். இலவசம், லிங்க்ட்இன்னில் போல் கதவைத் தட்டித் தட்டிக் கை வலிக்காது. வழிகாட்டி வேலை வாங்கித் தருவார் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது, அது அவர் பொறுப்பே இல்லை. பேச்சுத் தயக்கம் உள்ளவர்களுக்கு லிங்க்ட்இன்னுக்கு முன்னால் இதுதான் நல்ல பயிற்சிக்களம். ஒரு விஷயம்: மத்திய அரசின் குடிவரவுத் துறை பணம் தரும் சேவைகள் பெரும்பாலும் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும் அகதிப் பாதுகாப்பு பெற்றவர்களுக்கும்தான். குடியுரிமை வாங்கிவிட்டால் அந்த வாசல் மூடிவிடும். "செட்டில் ஆனதும் போகலாம்" என்று தள்ளிப் போட வேண்டாம்.

ஏஜென்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிராம்ப்டன், மிசிசாகா கிடங்குகளுக்கு ஆள் அனுப்புகிறவை ஒரு ரகம், வங்கிகளுக்குக் கான்ட்ராக்ட் ஆள் எடுப்பவை இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தில் இரண்டு மூன்று பேரிடம் ரெஸ்யூமே இருக்கட்டும். 2024 ஜூலை 1 முதல் ஒன்டாரியோவில் இவற்றுக்கு உரிமம் கட்டாயம். வேலை தேடுகிறவரிடம் காசு வாங்குவது சட்டவிரோதம், கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

நர்ஸ், டாக்டர், இன்ஜினியர் போல உரிமம் வேண்டிய தொழில் என்றால் இந்த ஒப்பீடே பாதிதான் பொருந்தும். உரிமம் இல்லாமல் எவ்வளவு பெரிய ஆளைத் தெரிந்தும் பயனில்லை. மேலே சொன்ன 15 நிமிடப் பேச்சை, அதாவது காபி சந்திப்புகளை, உரிமம் வாங்கும் வழியைக் கேட்கப் பயன்படுத்துங்கள். ஒன்டாரியோவில் பொறியாளர் உரிமத்துக்கு இருந்த ஒரு வருட கனடிய அனுபவ நிபந்தனையை 2023 மே மாதத்தில் எடுத்துவிட்டார்கள். பழைய கதையையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் மாமாக்கள் இருக்கிறார்கள். 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனங்கள் விளம்பரத்தில் 'கனடிய அனுபவம்' கேட்கவும் கூடாது. விளம்பரத்தில் போகும், மேனேஜர் மனதிலிருந்து அவ்வளவு சீக்கிரம் போகாது. அந்தச் சந்தேகத்தைக் கரைக்கத்தான் உள்ளே இருந்து ஒரு குரல் தேவைப்படுகிறது.

என்னைக் கேட்டால், முதல் வழியையும் இரண்டாவதையும் எதிரிகளாகப் பார்க்க வேண்டியதில்லை. அண்ணனிடம் வேலை கேட்காதீர்கள். அவர் மகள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேளுங்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வங்கியிலும் மருத்துவமனையிலும் நகராட்சியிலும் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு உங்களை நேரே தெரியாது, அப்பா பெயரைச் சொன்னால் போனை எடுப்பாள். ஆய்வு சொல்லும் அரைத் தெரிந்தவர் அவள்தான். கிடங்கு வேலையில் இருந்தாலும் வாரத்தில் இரண்டு பகலை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். முதலாளியிடம் சேரும்போதே அதைச் சொல்லிவிடுவது நல்லது.

வங்கிப் பக்கம் குறி வைப்பவர்கள் நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். கனடாவின் பெரிய வங்கிகளின் நிதியாண்டு அக்டோபர் 31-இல் முடிகிறது. புதிய பட்ஜெட் நவம்பரில் வரும்போது மேனேஜருக்கு உங்கள் பெயர் நினைவிருக்க வேண்டுமானால், அந்தக் காபியைச் செப்டம்பரிலேயே குடித்திருக்க வேண்டும்.