கடையில் சாதுவாக நின்ற ட்ரிகர்: மரைன் டேங்க் வைத்திருப்போர் கவனத்துக்கு

மரைன் டேங்குக்கு, அதாவது கடல்நீர் மீன்தொட்டிக்கு, ட்ரிகர் மீன் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சென்னையில் ஒரு கடையில் எனக்கு நடந்தது இது.

நான் தேடிப் போனது நைஜர் ட்ரிகர். நீல உடம்பு, பிறை வால், சிவந்த பல். ட்ரிகர் வகையில் ஓரளவு அனுசரித்துப் போகிற மீன் என்பதால் என் ஆறடி டேங்கில் ஏற்கெனவே இருந்த ஃபாக்ஸ்ஃபேஸ், டாங்க் என்ற மீன்களோடு விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அது இல்லை என்று சொல்லி ஆரஞ்சு வரி ட்ரிகர் ஒன்றைக் காட்டினார்கள். பச்சை உடம்பில் ஆரஞ்சுக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். கண்ணை எடுக்க முடியாத அழகு. "இது முரட்டு மீனாச்சே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பெருசானாத்தான் சார். இது குட்டி. ரெண்டு மாசமா இதே டேங்க்ல டாம்சலோட இருக்கு, நீங்களே பாருங்க" என்றார் கடைக்காரர். உண்மையிலேயே அது ஒரு மூலையில் அமைதியாக நின்றது. டாம்சல் என்கிற அந்தச் சின்ன மீன்கள் பக்கத்திலேயே பயமில்லாமல் திரிந்தன. தீனி போட்டுக் காட்டச் சொன்னேன். இப்போதுதான் போட்டோம் என்று முடித்துவிட்டார்.

வீட்டில் முதல் சில நாட்கள் பாறை இடுக்கை விட்டு அது வரவே இல்லை. அப்புறம் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தது, கூடவே தைரியமும் வந்தது. மணலைத் தோண்டியது, லைவ் ராக் (நுண்ணுயிர்கள் வாழும் கடல் பாறை) துண்டுகளைப் புரட்டிப் போட்டது. ஒரு நாள் காலையில் ஃபாக்ஸ்ஃபேஸுக்குப் பாதி வாலைக் காணவில்லை, ஒரு கண்ணும் போயிருந்தது. மாலைக்குள் செத்துவிட்டது. டாங்கையாவது காப்பாற்றலாம் என்று வலையை விட்டால், ட்ரிகர் இடுக்குக்குள் புகுந்து முதுகு முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொண்டது. இந்த இனமே அப்படித்தான். அந்த நிலையில் இழுத்தால் மீன்தான் காயப்படும். கடைசியில் பாறையோடு சேர்த்துத் தூக்கி வேறு தொட்டிக்கு மாற்றினோம்.

கடைக்குப் போய்க் கேட்டபோது உரிமையாளர் பேச்சை மாற்றினார். உள்ளே வேலை செய்யும் பையன்தான், "அது நீங்க வாங்கின வாரம் வந்த பார்சல்ணா" என்று சொன்னான். ரெண்டு மாசம் என்றது பச்சைப் பொய். பயணக் களைப்போடு பையிலிருந்து இறங்கிய மீன், எவ்வளவு முரடாக இருந்தாலும் ஒடுங்கித்தான் நிற்கும். அதைக் காட்டிச் சாது என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். இத்தனைக்கும் இது 30 செ.மீ. வரை வளரும் மீன். நண்டு ஓட்டையும் சிப்பி ஓட்டையும் உடைக்கிற பல். குட்டியிலேயே வம்புக்கு நிற்கும்.

கடையில் ஒரு மீனின் குணத்தை எடை போட, கூட இருக்கும் மீன்களைப் பாருங்கள். துடுப்பு கிழிந்திருக்கிறதா, எல்லாம் மேல் மூலையில் ஒதுங்கி நிற்கின்றனவா? கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். போட மறுத்தால் வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்து வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போய் மறுபடி பார்ப்பது இன்னும் நல்லது. தனித்தனித் தடுப்புக்குள் விட்டிருக்கும் மீனைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. லயன் ஃபிஷ்ஷையும் சாது என்றுதான் விற்பார்கள். அது யாரையும் துரத்தாது, சரி. ஆனால் வாய்க்குள் அடங்குகிற மீன் எதுவானாலும் விழுங்கிவிடும். கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் புள்ளியோடு மலிவாகக் கிடைக்கும் டாமினோ டாம்சலும் அப்படித்தான், வளர்ந்தபின் புதிதாக விடும் மீனையெல்லாம் விரட்டும்.

முக்கியமாக, பில்லில் மீனின் அறிவியல் பெயரையும் கடைக்கு அது வந்த தேதியையும் எழுதி வாங்குங்கள். என் பில்லில் 'ட்ரிகர் - 1' என்று மட்டும்தான் இருந்தது. "நீங்க கேட்டதும் ட்ரிகர், நாங்க குடுத்ததும் ட்ரிகர்" என்று அதைக் காட்டியே பணத்தைத் தர மறுத்துவிட்டார்கள்.