ஒரே ஊசியில் எழுந்து நின்ற ஆடு

வீட்டுக்கே வந்து ஊசி போடுகிறவர் ஒருவர் இருக்கிறார், ஒரே ஊசி, சாயங்காலமே ஆடு தீனி எடுத்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், போன் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. என் ஆடும் சாயங்காலமே தீனி எடுத்தது. அதை நம்பித்தான் போன ஐப்பசியில் மூன்று குட்டிகளைப் பறிகொடுத்தேன். அதில் இரண்டு கண்ணே திறக்கவில்லை.

எங்களுக்கு விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் கிராமம். திண்ணையில் தையல் மெஷின், கொல்லையில் பன்னிரண்டு ஆடு. எல்லாம் கொடி ஆடு. இங்கே போரை ஆடு என்போம். வெள்ளை உடம்பில் கறுப்புத் தெளித்திருந்தால் கரும்போரை, சிவப்புத் தெளித்திருந்தால் செம்போரை. எனக்கு முதலில் வந்தது ஒரு செம்போரைக் குட்டி, அம்மா கொடுத்து அனுப்பியது. அதுவே அதற்குப் பெயரும் ஆகிவிட்டது. அப்போது அதற்கு மூன்றாவது ஈத்து, நாலரை மாதச் சினை. ஆட்டுக்கு ஐந்து மாதக் கணக்கு என்பதால் இன்னும் பத்துப் பதினைந்து நாளில் ஈன வேண்டியது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முன்னால் சந்தையில் இரண்டு பெட்டைக்குட்டி வாங்கி, அன்றைக்கே மற்ற ஆடுகளோடு சேர்த்துவிட்டேன். இரண்டு மூன்று வாரமாவது தனியே கட்டிப் பார்த்திருக்க வேண்டும். வண்டியில் நெருக்கியடித்து, தண்ணி காணாமல் வந்த குட்டிகள். நெஞ்சில் ஏற்கெனவே என்ன இருந்ததோ. அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டு மூன்று நாள் விடவில்லை. சாரல் அடிக்கிறதே என்று கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாயைத் தரை வரைக்கும் இறக்கிக் கட்டினேன். காலையில் உள்ளே நுழைந்தால் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். நான் சாணியை அள்ளிவிட்டு வெளியே வந்துவிடுவேன். ஆடுகள் ராத்திரி முழுக்க அந்தக் காற்றைத்தான் இழுத்துக்கொண்டு கிடந்தன.

செவ்வாய்க்கிழமை செம்போரை இருமியது. புதன்கிழமை காலையில் மற்றதெல்லாம் வேப்பங்குழைக்கு முட்டிக்கொண்டிருக்க, இது மட்டும் மூலையில் முன்னங்காலை அகட்டி, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. காது இரண்டும் தொங்கிவிட்டன. மூக்கில் மஞ்சள் சளி காய்ந்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா குழி விழுந்து விழுந்து எழுந்தது. அசை போடுவது எப்போது நின்றதோ தெரியாது.

அரசு கால்நடை மருந்தகம் ஒன்பது கிலோமீட்டர். போன் செய்தேன். டாக்டர் தடுப்பூசி முகாமுக்குப் போயிருக்கிறார், நாளைக் காலையில் கூட்டிவாருங்கள் என்றார்கள். 1962-க்கு அடித்தால் வைத்திய வண்டியே ஊருக்கு வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது மாட்டுக்கு மட்டும்தான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். (இல்லை, ஆட்டுக்கும் வருகிறது.) அப்போதுதான் பக்கத்து வீட்டு மதினி ஒரு நம்பர் கொடுத்தாள்.

அரை மணி நேரத்தில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, தோளில் ரெக்சின் பை. ஊரில் பாதிப்பேர் அவரை டாக்டர் என்கிறார்கள், அவரும் இல்லை என்று சொல்வதில்லை. தெர்மாமீட்டர் வைக்கவில்லை. காதைத் தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். “நெஞ்சுச் சளி தங்கச்சி. ரெண்டு ஊசி போட்டா சரியாயிரும்.” பையிலிருந்து எடுக்கும்போதே இரண்டு சிரிஞ்சிலும் மருந்து ஏற்றியிருந்தது. “சினை ஆடு அண்ணாச்சி” என்றேன். “அதெல்லாம் ஒண்ணும் செய்யாது” என்றார். 600 ரூபாய்.

நாலு மணிக்குச் செம்போரை எழுந்து நடந்தது. காது நிமிர்ந்தது. அகத்திக்கொத்து ஒன்றை முழுசாகத் தின்று தண்ணியும் குடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று ராத்திரியே ஆடு வைத்திருக்கிற மூன்று பேருக்கு அந்த நம்பரை அனுப்பினேன். கைராசியான ஆள் என்று வேறு எழுதினேன்.

வியாழக்கிழமை நல்ல தெம்பு. ஆடுதான் தேறிவிட்டதே என்று மருந்தகத்துக்குக் கூட்டிப்போகவும் இல்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. மறுபடி வந்தார். வீரியம் பத்தவில்லையாம், இன்னும் இரண்டு ஊசி, இன்னும் 600. சனிக்கிழமை கொஞ்சம் கடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழவே இல்லை. சந்தையில் வாங்கிய குட்டிகளில் ஒன்றும் இரைக்க ஆரம்பித்தது. இந்த முறை இரண்டுக்கும் ஊசி, 800. அதோடு ஒரு டானிக், 450.

அந்த டானிக் ஊற்றியது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. மூங்கில் குழாய் நிறையக் கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக ஏதோ கலக்கினார். குட்டியின் தாடை வானத்தைப் பார்க்கும்படி தலையைத் தூக்கிப் பிடித்து, ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தார். குட்டி திமிறியது. புரையேறி இருமியது. மூக்கு வழியே கறுப்பாக வழிந்தது. “சளி வெளிய வருது பாரு” என்றார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

செம்போரைக்கு ஊற்ற வந்தபோது அத்தை விடவில்லை, காலையில் பார்த்துக்கலாம் என்றுவிட்டார். ஊசி போட்டவர் வண்டியை எடுக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: “பெரிய ஆடு தேறாது தங்கச்சி. எனக்குத் தெரிஞ்ச கறிக்கடைக்காரர் இருக்கார். 2,500 வாங்கித் தாரேன். நாளைக்குச் செத்துப்போனா அதுவும் இல்ல.” நல்ல நிலையில் 12,000 ரூபாய்க்குக் குறையாத ஆடு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இருட்டுவதற்குள் ஒரு ஆள் கயிறோடு வந்து வாசலில் நின்றான். நாங்கள் யாரையும் கூப்பிடவே இல்லை. அத்தைதான், “சீக்கு ஆட்ட எவன் வாயில கொண்டு போடப் போற, போடா” என்று விரட்டினார். எனக்கு அப்போதுதான் முதல் சந்தேகம். ஊசி போட்டாலும் காசு, ஆடு விழுந்தாலும் காசு என்றால் அந்த ஆளுக்கு ஆடு பிழைக்க வேண்டும் என்று என்ன அவசியம்?

திங்கட்கிழமை விடியும்போது குட்டி செத்துக் கிடந்தது. செத்த குட்டியைச் சாக்கில் சுற்றி, செம்போரையை லோடு ஆட்டோவில் ஏற்றி மருந்தகத்துக்குப் போனோம்.

டாக்டரம்மா முதலில் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தார். 105.8. ஆட்டுக்கு 103 வரை சாதாரணம், இது கொதிக்கிற காய்ச்சல். வாயைத் திறந்து ஈறையும் நாக்கையும் பார்த்தார். புண் இருக்கிறதா, கழிச்சல் உண்டா, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்டதா என்று கேட்டார். செம்போரைக்குப் போன வருஷ முகாமில் போட்டிருந்தது. விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, என் காதிலும் மாட்டிவிட்டார். காய்ந்த சருகை மிதிக்கிற மாதிரி ஒரு சத்தம். “என்ன ஊசி போட்டாங்க?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. 2,450 ரூபாய் கொடுத்திருக்கிறேன், மருந்தின் பெயர் தெரியாது.

அத்தை முந்தானையை அவிழ்த்து ஒரு குட்டிக் கண்ணாடிக் குப்பியை எடுத்து வைத்தார். அந்த ஆள் வேலிக்கருவை ஓரம் வீசிவிட்டுப் போனதாம். டெக்சாமெத்தசோன். டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அது ஸ்டீராய்டு. காய்ச்சலை இறக்கும், வீக்கத்தை அமுக்கும், பசியைக் கிளப்பும். அதனால்தான் ஆடு அன்றைக்கே எழுந்தது. ஆனால் நுரையீரலில் இருக்கிற கிருமியை அது தொடாது. கிருமியோடு மல்லுக்கட்டுகிற உடம்பின் சக்தியையும் சேர்த்து அமுக்கிவிடும். இரண்டு நாள் ஆடு சுகமாயிருக்கிற மாதிரி தெரியும், உள்ளே சளி முற்றிக்கொண்டே போகும். அதைவிட, ஈனப்போகிற மாதத்தில் போட்டால் நாள் ஆவதற்கு முன்பே ஈன்றுவிட வாய்ப்பு உண்டு. இன்னொரு சிரிஞ்சில் ஆன்டிபயாடிக்கே இருந்திருந்தாலும், இஷ்டப்பட்ட நாளில் ஒவ்வொன்று போட்டால் அது வைத்தியத்தில் சேராது என்றார். அந்த மருந்தே விஷம் என்று நான் எழுதவில்லை. டாக்டர்களும் தேவை பார்த்துப் போடுகிற மருந்துதான். சினையா என்றுகூடக் கேட்காமல், பெயர் சொல்லாமல் போடுவதைத்தான் சொல்கிறேன்.

குட்டியைப் பின்புறம் கொண்டுபோய் அறுத்துக் காட்டினார். கறிக்கடையில் நுரையீரல் பார்த்திருப்பீர்கள், இளஞ்சிவப்பாக, பஞ்சு மாதிரி. இதில் முன்பக்கம் முழுக்கக் கருஞ்சிவப்பாக இறுகிக் கிடந்தது. நுரை போய் ஈரல் மட்டும் மிச்சம். ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டார், கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. நல்ல நுரையீரல் மிதக்குமாம். மூச்சுக்குழாயைக் கீறினால் அந்தக் கறுப்பு டானிக், எண்ணெய் மினுமினுப்போடு அப்படியே இருந்தது. நிமோனியாவோடு மட்டும் இருந்திருந்தால் குட்டி பிழைத்திருக்கலாம் என்றார்.

செம்போரையை எடை போட்டார், 33 கிலோ. அதற்குக் கணக்குப் பண்ணி ஐந்து நாள் ஊசி, காய்ச்சலுக்கும் வலிக்கும் தனியாக. மூன்றாம் நாளே ஆடு துள்ளினாலும் ஐந்து நாளும் போட்டே தீர வேண்டும் என்றார். மருந்தின் பெயரை இங்கே எழுதவில்லை, யாராவது கடையில் வாங்கித் தாங்களே போட்டுவிடுவீர்கள். மருந்தகத்தில் இல்லாத ஒன்றை மட்டும் வெளியே வாங்கினேன், 380 ரூபாய். ஊசி போட்ட ஆட்டைக் குறிப்பிட்ட நாள் கழியாமல் கறிக்குக் கொடுக்கவே கூடாது என்றும் சொன்னார். கயிறோடு வந்தவனை நினைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரியே செம்போரை ஈன்றது. இரண்டும் பெட்டை, இரண்டும் செத்துப் பிறந்தவை. ஒன்றின் முதுகில் தாயைப் போலவே சிவப்புப் புள்ளி. காய்ச்சலாலும் ஆகியிருக்கலாம், அந்த ஊசியாலும் ஆகியிருக்கலாம், எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. அவர் அப்படிச் சொன்னதால்தான் அவரை நம்பினேன்.

அப்புறம் ஒரு வாரம் தையல் இல்லை. பக்கவாட்டில் சாய விடக்கூடாது என்பதால் வைக்கோல் அடைத்த சாக்கு இரண்டை இருபுறமும் அண்டக் கொடுத்து, நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றினேன். தார்ப்பாயைத் தரையிலிருந்து ஆட்டின் தலை உயரம் வரைக்கும் மட்டும் விட்டு, மேலே திறந்துவிட்டேன். ஈரக்கூளத்தை அள்ளிவிட்டுக் காய்ந்த கடலைக்கொடி பரப்பினேன். வெதுவெதுப்பான உப்புத்தண்ணியில் துணியை நனைத்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வாசனை தெரியாவிட்டால் ஆடு எதையும் தின்னாது. வாயில் எதையும் ஊற்றவில்லை. கருப்பட்டி கரைத்த தண்ணியைத் தாழ்வான சட்டியில் வைத்தால் அதுவாக நக்கும். முருங்கை, கொடுக்காப்புளிக் கொழுந்தை மூக்குக்கு நேரே கட்டித் தொங்கவிட்டேன். அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஜாக்கெட் அளவுகளுக்குக் கீழே, காலையும் மாலையும் காய்ச்சலும் மூச்சு எண்ணிக்கையும் எழுதினேன். விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினால் போதும். முதல் நாள் 62. நான்காம் நாள் 40. ஆறாம் நாள் 26.

ஐந்தாம் நாள் ராத்திரி கொட்டகையிலேயே சாக்கில் படுத்திருந்தேன். மூன்று மணி இருக்கும், காதுக்குப் பக்கத்தில் கறுக் கறுக்கென்று ஒரு சத்தம். எலி என்று நினைத்து டார்ச் அடித்தேன். செம்போரை கண்ணை மூடிக்கொண்டு அசை போட்டுக்கொண்டிருந்தது.

1984-ஆம் வருஷத்து இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டப்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். மற்றவர்கள் சின்னச் சின்ன வேலை செய்வதென்றாலும் அது அனுமதி பெற்று, ஒரு டாக்டரின் மேற்பார்வையில். பதிவு எண் என்ன என்று வருகிறவரிடம் கேட்கலாம், மருந்துச் சீட்டிலும் அது இருக்கும். பெயரையும் சீட்டையும் கேட்டு, தர மாட்டேன் என்றால் ஊசி போட விடாதீர்கள். காலிக் குப்பியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அத்தை பொறுக்கிய குப்பி இல்லாவிட்டால் எங்களிடம் ஒரு அத்தாட்சியும் இல்லை. அதை வைத்துத்தான் கால்நடை பராமரிப்புத் துறை உதவி இயக்குநருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த ஆளுக்கும் போன் செய்தேன். “ஆடு பிழைச்சிருச்சுல்ல, பின்ன என்ன தங்கச்சி” என்றார். குட்டிகளைப் பற்றிச் சொன்னேன். வேறு கால் வருகிறது என்று வைத்துவிட்டார்.

நம்பர் அனுப்பிய மூன்று பேரையும் கூப்பிட்டேன். ஒருவர் இன்னும் கூப்பிடவில்லை, அழித்துவிடுகிறேன் என்றார். இன்னொருவர் ஏற்கெனவே இரண்டு ஆட்டுக்கு ஊசி போட்டாயிற்று, “நல்லாத்தான் தீனி எடுக்குது” என்றார். அன்றே மருந்தகத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது ஆள் நேற்றிலிருந்து போனை எடுக்கவில்லை.