மார்க்ஸ் சகோதரர்கள் ப்ளூ-ரே தொகுப்பு: கடைசிப் படத்தை முதலில் பாருங்கள்

அமெரிக்க நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்கள் க்ரௌச்சோ, ஹார்ப்போ, சிக்கோ, ஸெப்போ நால்வரும் பாரமவுண்ட் பட நிறுவனத்துக்காக 1929 முதல் 1933 வரை நடித்த ஐந்து படங்களும் இந்த ஒரே பெட்டியில் இருக்கின்றன. 2016-இல் யுனிவர்சல் வெளியிட்டது. வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம், ஆனால் வரிசைப்படி பார்க்க உட்காராதீர்கள், முதல் படத்திலேயே பாதி பேர் தூங்கிவிடுவார்கள்.

'தி கோகோனட்ஸ்' அப்படியே மேடை நாடகம்தான். அண்ணன் தம்பிகள் வாட்வில் என்ற பல்சுவை மேடைகளில் ஊர் ஊராக ரயிலேறிப் பாட்டும் கூத்துமாக வளர்ந்தவர்கள், பிள்ளைகளை மேடையேற்றியே தீருவது என்று நின்றவர் அம்மா மின்னி. 1924-இல்தான் நியூயார்க்கின் பெரிய நாடக மேடையான பிராட்வே கிடைத்தது. இந்தப் படத்தைப் பகலில் அஸ்டோரியா ஸ்டுடியோவில் எடுத்தார்கள், ராத்திரியானால் பிராட்வேயில் அடுத்த நாடகம். பேசும் படம் வந்த புதிது, காகிதம் மடங்கும் சத்தம் மைக்கில் தாறுமாறாகக் கேட்டதால் காகிதத்தையெல்லாம் நனைத்துக்கொண்டு நடித்தார்கள். க்ரௌச்சோ வரைபடத்தை விரிக்கும்போது கவனியுங்கள், தொளதொளவென்று தொங்கும். பிரிண்டும் சில இடங்களில் மங்கல்தான்.

காசு கொடுத்ததற்கு நியாயம் 'அனிமல் கிராக்கர்ஸ்'. 1936 மறுவெளியீட்டில் தணிக்கைக்காக வெட்டிய வரிகள் பல வருடங்களாகக் காணாமலே இருந்தன. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் இருந்த முழு பிரிண்டை வைத்து அவற்றைச் சேர்த்துவிட்டார்கள், படமும் பளிச்சென்று இருக்கிறது. நடிகை மார்கரெட் டூமான்ட் எவ்வளவு திட்டு வாங்கினாலும் கௌரவம் குலையாமல் நிற்பார் பாருங்கள், என்னைக் கேட்டால் பாதிச் சிரிப்பு அந்த அம்மாவுடையது.

'ஹார்ஸ் ஃபெதர்ஸ்' படத்தில் நடிகை தெல்மா டாட் வீட்டுக் காட்சி வெட்டி வெட்டிக் குதிக்கும், டிஸ்க் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், பழைய பிரிண்டே அப்படித்தான். 'மங்கி பிசினஸ்' பரவாயில்லை ரகம்.

தொடங்க வேண்டியது கடைசிப் படமான 'டக் சூப்'. யாழ் மாதிரி ஹார்ப் வாசிப்பு, பியானோ என்று நடுவில் கதை நிற்காது, விறுவிறுவென்று போகும். கண்ணாடி இல்லாத இடத்தில் ஹார்ப்போ க்ரௌச்சோவின் பிம்பமாக நடிக்கும் காட்சிக்கு மொழியே வேண்டாம், வீட்டில் சின்னப் பிள்ளைகளும் சிரிக்கும். மற்ற இடங்களில் ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், க்ரௌச்சோ மூச்சு விடாமல் பேசுவார். ஸெப்போ நடித்த கடைசிப் படமும் இதுதான், அப்புறம் நடிகர்களுக்கு ஏஜென்ட் ஆகிவிட்டார். ஐந்தாவது சகோதரர் கம்மோவைத் தேடாதீர்கள், முதல் உலகப் போரின்போது ராணுவத்துக்குப் போனவர் சினிமா பக்கமே வரவில்லை.

இவர்களுடைய 'எ நைட் அட் தி ஆபரா' இதில் கிடையாது, அது எம்ஜிஎம் என்ற வேறு நிறுவனத்தின் படம், தனியாகத்தான் வாங்க வேண்டும்.