கார் தரையில் தண்ணீரா? "ஹீட்டர் கோர்" என்றதும் பணத்தை எடுக்காதீர்கள்

பெங்களூரில் கோடை மழை பிடித்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஓடிய கார் வைத்திருப்பவர்கள் இடது பக்க முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டை ஒருமுறை கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால், எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஒரு கடைக்கு 23,600 ரூபாய் கொடுத்தேன். கார் அதே ஈரத்தோடுதான் திரும்பி வந்தது. கூடவே ஒரு புதுப் பிரச்சினையும் வந்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

என்னுடையது 2010 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஜீவன்பீமாநகரில் வீட்டு வாசலில், குல்மோகர் மரத்தடியில்தான் நிற்கும். இந்த மரம் பிறகு முக்கியமாகிறது. மழைக்கு மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் பூஞ்சை வாடை குப்பென்று அடிக்கும், கண்ணாடியெல்லாம் உள்பக்கம் வியர்த்திருக்கும். இடது பக்கக் கார்ப்பெட்டை மிதித்தால் சளக் என்று தண்ணீர் வரும்.

அவுட்டர் ரிங் ரோடு பக்கம் ஒரு மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப். கண்ணாடிக் கதவு, ஏசி போட்ட வரவேற்பறை, காபி மெஷின். சூப்பர்வைசர் முதலில் காரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "சார் தமிழா? எந்த ஊரு?" தர்மபுரி என்றேன். "அட, நான் கிருஷ்ணகிரி சார்! நம்ம ஆளுங்ககிட்ட காசு பார்ப்பமா?" இந்த ஊரில் இருக்கும் தமிழர்களுக்கு இந்த வசனம் நன்றாகத் தெரிந்திருக்கும். வீட்டு புரோக்கரிலிருந்து பிளம்பர் வரை எல்லோரும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

அப்புறம் கார்ப்பெட்டை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஹீட்டர் கோர் போயிடுச்சு சார். பழைய வண்டின்னா இதான்."

ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டர். எஞ்சினில் சூடான கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், அதன் வழியே ஓடும். அது ஓட்டையானால் கால் வைக்கும் இடத்தில் ஈரம் வரும் என்பது உண்மைதான். அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. ஆனால் கூலன்ட் வெறும் தண்ணீர் கிடையாது. பச்சை, சிவப்பு என்று ஏதாவது ஒரு நிறம் இருக்கும், விரலில் பிசுபிசுக்கும், லேசான இனிப்பு வாடை அடிக்கும். ஹீட்டரைப் போட்டால் முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் படியும். பானெட்டைத் திறந்தால் கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வரும். என் காரில் இதில் ஒன்றுகூட இல்லை. டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்தால் கொஞ்சம் மண் கலந்த மழைத் தண்ணீர்தான். டப்பாவில் கூலன்ட் மேல் கோட்டில் அப்படியே நின்றது. இதையெல்லாம் அங்கேயே சொன்னேன். "கார்ப்பெட் அழுக்குல கலர் தெரியாது சார். விட்டுட்டுப் போங்க, செக் பண்ணிட்டு கூப்பிடறோம்" என்றார்.

மாலையில் வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. பச்சைக் கறை படிந்த ஒரு அலுமினியத் துண்டு, மிக நெருக்கத்தில் எடுத்தது. யார் காரில் கழற்றியதோ, அதைப் பார்த்துச் சொல்லவே முடியாது. பின்னாலேயே போன். "டேஷ்போர்டு கழட்டியாச்சு சார், ஓகே சொன்னீங்கன்னா மாட்டிடுவோம். இல்லன்னாலும் கழட்டி மாட்டின லேபர் ஆகும்." வண்டி அவர்கள் கையில், பேச்சும் அவர்கள் கையில். பில் 16,400. பழைய பார்ட் எங்கே என்று கேட்டால், ஸ்க்ராப்புக்குப் போய்விட்டதாம். பில்லும் ஜிஎஸ்டி எண் இல்லாத 'எஸ்டிமேட்' தாள்தான்.

அடுத்த மழைக்கே மறுபடியும் சளக். திரும்பக் கொண்டுபோனால், இப்போது "முன் கண்ணாடி பீடிங்" (கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டை) போய்விட்டது என்றார்கள். அது தனி வேலையாம், 7,200 ரூபாய். கண்ணாடியைக் கழற்றி மறுபடி ஒட்டித் தந்தார்கள். வண்டியை எடுத்த அன்று உள்ளே வினிகர் வாடை தூக்கியது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காரின் முன் கண்ணாடியை ஒட்டப் பயன்படுத்துவது பாலியூரிதேன் பசை. வினிகர் வாடை அடிப்பது பாத்ரூம் வாஷ்பேசின் ஓரத்தில் பூசுகிற சாதாரண சிலிக்கான். அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். பெயின்ட் உரிந்த இரும்பில் பட்டால் துருப்பிடிக்க வைக்கும். அதைவிடப் பெரிய விஷயம், கண்ணாடியைத் தாங்கும் பலம் அதற்குக் கிடையாது. விபத்தில் கூரை நசுங்காமல் இருப்பதில் ஒட்டிய கண்ணாடிக்கும் பங்கு உண்டு. பல கார்களில் பக்கத்து சீட் ஏர்பேக் விரியும்போது முன் கண்ணாடியில் சாய்ந்துதான் நிற்கும். கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனால் ஏர்பேக் இருந்தும் பயனில்லை. சரியான பசையாக இருந்தாலும், அதன் வகையைப் பொறுத்து ஒரு மணி நேரத்திலிருந்து பல மணி நேரம் வரை வண்டியை எடுக்கக் கூடாது. எனக்கோ ஒட்டிய கையோடு சாவியைக் கொடுத்து அனுப்பினார்கள்.

கடைசியில் ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்லி, சிவாஜிநகரில் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனேன். போர்டு கிடையாது. அங்கிருந்த பாய் டேஷ்போர்டு பக்கமே போகவில்லை. "மழை வந்தா மட்டும் தண்ணி வருதா, ஏசி போட்டாலும் வருதா சார்?" என்று கேட்டார். அவ்வளவு செலவு செய்தும் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. மழைக்கு மட்டும்தான் பாய் என்றேன். ஒரு மக்கில் தண்ணீர் எடுத்து, முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பரை ஒட்டி இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் கிரில்லில் ஊற்றினார். டிரைவர் பக்கம் ஊற்றியது உடனே வண்டிக்கு அடியில் கொட்டியது. இடது பக்கம் ஊற்றியது கொட்டவே இல்லை.

வைப்பரையும் கிரில்லையும் கழற்றினார். குல்மோகர் இலை எவ்வளவு பொடி என்று தெரியும்தானே, அது கிரில் இடுக்கில் சுலபமாக விழுந்துவிடும். வருடக்கணக்கில் விழுந்து மக்கி, ஃபில்டரில் மிஞ்சிய காபிச் சக்கை மாதிரி கறுப்பாக அப்பிக்கிடந்தது. தண்ணீர் வெளியேறும் ஓட்டையே தெரியவில்லை. ஓட்டை அடைத்ததால் மழைத் தண்ணீர் அங்கேயே தேங்கி, பக்கத்திலேயே புளோயருக்கு (உள்ளே காற்றைத் தள்ளும் ஃபேன்) காற்று போகும் வாயில் வழிந்து, நேராக இடது கால் பக்கம் இறங்கியிருக்கிறது. உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பிடித்து இழுத்தார், ஊறிய அட்டையாகக் கையோடு வந்தது.

பிறகு எஞ்சின் பின்சுவரில் டார்ச் அடித்துக் காட்டினார். ஹீட்டர் கோருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் அங்கேதான் மாட்டியிருக்கும். கோரை மாற்ற வேண்டுமானால் அவற்றைக் கழற்றியே ஆக வேண்டும். என் காரில் அந்த ஹோஸ்களை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்கள் இரண்டும் துருவேறி, மேலே பல வருடத் தூசி கலையாமல் இருந்தன. பிளையர் பட்ட தடம்கூட இல்லை. "இதை யாரும் தொடவே இல்ல சார்" என்றார். 16,400 ரூபாய்க்கு அங்கே ஒரு வேலையும் நடக்கவில்லை.

பாய் வாங்கியது 600 ரூபாய். கார்ப்பெட்டைத் தூக்கிக் காய வைக்கும் வேலையை என்னையே செய்யச் சொன்னார். மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் அடியில் இருக்கும் ஃபோம் தண்ணீரைக் குடித்துவைத்திருக்கும். அதை விட்டுவைத்தால் தரைத்தகடு துருப்பிடிக்கும், அங்கே ஓடும் ஒயர் கனெக்டர்கள் பச்சை பூக்கும். அப்புறம் இன்னொரு ஒர்க்‌ஷாப் உங்களுக்கு இன்னொரு கதை சொல்லும்.

உங்கள் காரில் எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்பதைப் பெரும்பாலும் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். மழை இல்லாத நாளில் ஏசியை அரைமணி நேரம் ஓடவிட்டுக் கீழே பாருங்கள். புழுக்கமான நாளில் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாமல் உள்ளே ஈரமானால் ஏசி வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. சின்ன வேலைதான். மழைக்கு மட்டும் வருகிறதென்றால், முதலில் அந்த மக் தண்ணீர் சோதனை. அதில் தெரியாவிட்டால் கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும், இன்னொருவர் வெளியே தோட்டத்துக் குழாயை மெதுவாக விடட்டும். கீழிருந்து மேலே போக வேண்டும், ஒரு நேரத்தில் ஒரே இடம். கூரையில் முதலில் ஊற்றினால் தண்ணீர் எல்லாப் பக்கமும் வழிந்து ஒன்றும் புரியாது. பிரஷர் வாஷர் வேண்டாம், அது நல்ல பீடிங்கைக்கூடத் தாண்டிப் போகும்.

கதவுக்குள் மழைத் தண்ணீர் இறங்குவது இயல்பு, அடியில் இருக்கும் ஓட்டை வழியாகப் போய்விடும். ஆனால் ஸ்பீக்கரோ பவர் விண்டோவோ மாட்டியவர் டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் பாலிதீன் ஷீட்டைக் கிழித்துவிட்டுப் போயிருந்தால், அது உள்பக்கம் வரும். டிக்கியில் ஈரம் என்றால் பின் லைட் கேஸ்கெட்டைப் பாருங்கள். சன்ரூஃப் இருந்தால் அதன் மூலைகளில் இருக்கும் வடிகால் குழாய்கள். எந்தக் கடையானாலும், தண்ணீர் உள்ளே வருவதை நேரிலோ வீடியோவிலோ காட்டிய பிறகுதான் பார்ட் மாற்ற ஓகே சொல்வேன் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பார்ட் கைக்கு வர வேண்டும். ஜிஎஸ்டி எண் உள்ள பில் வேண்டும்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். கடையிலிருந்து உடனே போன் வந்தது. "நம்ம ஆளு நீங்களே இப்படிப் பண்ணலாமா சார்" என்றார் அதே கிருஷ்ணகிரிக்காரர், இலவசமாக ஏசி சர்வீஸ் செய்து தருவதாகச் சொன்னார். பணமாகத்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதில் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கிளாம்ப் படங்கள், வாட்ஸாப் உரையாடல், எஸ்டிமேட் தாள் எல்லாம் தேதியோடு எடுத்து வைத்திருக்கிறேன். முன் கண்ணாடியை இந்த வாரம் வேறு இடத்தில் கழற்றி பாலியூரிதேன் போட்டு ஒட்டப்போகிறேன். கழற்றும்போது உள்ளே இருக்கும் சிலிக்கானைப் படம் எடுத்து, அந்தச் செலவையும் மனுவில் சேர்ப்பேன்.