குருத்துக்குள் மணலா, மருந்தா?

மக்காச்சோளக் குருத்தில் மரத்தூள் கொட்டியதுபோல் எச்சம் கிடந்தால் உள்ளே படைப்புழு இருக்கிறது என்று இன்று எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். 2018இல் பக்கத்துக் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கும் வந்தபோது தண்டுத்துளைப்பான் என்றே நினைத்தோம். தலையில் கவிழ்த்துப் போட்ட ‘ஒய்’ எழுத்துபோல் கோடு, வால்பக்கம் சதுரமாக நான்கு புள்ளி இருந்தால் அது படைப்புழு.

எனக்குப் பென்னாகரம் பக்கம் அரை ஏக்கர். மச்சானுக்கு அரூர் பக்கம் மூன்று ஏக்கர். நான் மணல் போடுகிறேன், அவர் மருந்தடிக்கிறார். விருந்துக்குப் போனால் இதே பேச்சுதான்.

என் வழியில் ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. விதைத்து 30 நாளுக்குள் ஒவ்வொரு குருத்திலும் ஒரு சிட்டிகை. மணல் உராய்ந்தே புழு சாகும். காசு செலவில்லை, இடுப்புதான் போகும். அரை ஏக்கருக்கு நானும் வீட்டுக்காரியும் போதும். மூன்று ஏக்கருக்குக் கூலி ஆள் வைத்தால் கட்டுபடியாகாது. அதில் மச்சான் சொல்வது சரி.

ஆனால் அவர் முதல் வருடம் மருந்தடித்த விதம் இருக்கிறதே! பயிர் இடுப்பளவு வளர்ந்த பிறகு, இலைமேல் மட்டும் வீசிவிட்டு வந்தார். பெருத்த புழு எச்சத்தை அடைப்பாக வைத்துக்கொண்டு குருத்துக்குள் படுத்திருந்தது. ஒரு சொட்டும் அதன்மேல் படவில்லை. அதே மருந்தையே மூன்று முறை அடித்துப் பார்த்தார், பணம் போனதுதான் மிச்சம். இப்போது 15, 20 நாளிலேயே எமாமெக்டின் பென்சோயேட்டைப் பத்து லிட்டர் டேங்குக்கு 4 கிராம் கலந்து, சாயங்காலமாகப் பார்த்து, குருத்துக்குள் இறங்கும்படி அடிக்கிறார். மறுபடி தேவைப்பட்டால் வேறு மருந்துக்கு மாறிவிடுகிறார். இப்படி அடித்தால் மணலைவிட வேகம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

வேம்பை மட்டும் நம்பலாமா? கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடுவது நல்லதே, நான் போடுகிறேன். வேப்ப மருந்தும் முட்டை, குஞ்சுப்புழு இருக்கும்போது கேட்கும். பெருத்த புழுவிடம் அதன் பாச்சா பலிக்காது. வாசனை காட்டிப் பூச்சியை இழுக்கிற இனக்கவர்ச்சிப் பொறி, இந்தப் புழுவின் தாய்ப்பூச்சியான அந்துப்பூச்சி வந்துவிட்டதா என்று பார்க்க உதவும். அதை வைத்தே புழுவை ஒழித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு ஏக்கருக்குள் என்றால் மணல், அதற்கு மேல் என்றால் நேரத்தோடு மருந்து என்பேன். மாடு இருக்கிற வீட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நாங்கள் சோளத்தட்டைப் பச்சையாகவே அறுத்துப் போடுகிறவர்கள். மருந்தடித்த காட்டில் உடனே அரிவாள் வைக்க முடியாது. மச்சான் அந்த நாட்களில் தீவனத்தை விலைக்கு வாங்குகிறார். அந்தச் செலவை மட்டும் அவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.