ஊட்டியில் ஒரு ரிவால்வர் வைத்தியர்

குன்னூர் மழையில் அலமாரிக்குள் இருக்கும் இரும்புகூட வியர்க்கும். தாத்தாவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .32 ரிவால்வரை அப்பா தோல் உறையிலேயே வைத்திருந்தார். தோல் ஈரத்தைக் குடித்ததில் குழலின் ஒரு பக்கம் முழுக்கச் செந்துரு.

உரிமம் என் பெயருக்கு மாறியதும் ஊட்டிச் சந்து ஒன்றில் உள்ள துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் தோட்டாக்கள் நிற்கும் உருளையான சிலிண்டரை வெளியே சாய்த்தார். "1896 மாடல் என்றால் சிலிண்டரை நிறுத்தும் கொக்கி மேற்சட்டத்தில் இருக்கும். இதில் கீழே இருக்கிறது, 1903 அல்லது அதற்குப் பிந்தைய மாடல்" என்றார்.

"இரும்பின் நீல மேற்பூச்சைப் புதிதாக ஏற்றலாமா, ஐயா?"

"வேண்டாம் தம்பி, மதிப்பே போய்விடும்."

எண்ணெயும் நுண்ணிய எஃகு நாரும் கொண்டு துருவை மட்டும் எடுத்தார். முன்பெல்லாம் விசையை அழுத்தினால் சிலிண்டர் பாதியில் நிற்கும். இப்போது சுழன்று 'டிக்'கென்று பூட்டிக்கொள்கிறது.

பத்து நாள் என்றவர் ஏழு வாரம் இழுத்தடித்தார். ரசீதில் வரிசை எண்ணையும் தப்பாக எழுதியிருந்தார், வாங்கும்போதே சரிபாருங்கள்.

இன்னொன்று சேர்க்க ஆசைதான். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஆளுக்கு இரண்டு துப்பாக்கிதான். தோட்டத்தில் பன்றி விரட்டும் இரட்டைக்குழல் ஏற்கெனவே ஓர் இடத்தைப் பிடித்துவிட்டது.