கோட்டை மாடியில் எட்டு ஞாயிறு: ஒரு கொலுசுப் பட்டறைக்காரனின் மதிப்பீடு

முதலில் படிக்கட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 23 படிகள். கைப்பிடி ஒரு பக்கம்தான், அதுவும் ஆடுகிறது. மேலே செருப்பு வைக்க இடம் கிடையாது; கீழே கடை வாசலிலேயே விட்டுவிட்டு ஏற வேண்டும். இரண்டாம் வாரம் நான் வேறு யாருடைய செருப்பிலோ வீடு வந்து சேர்ந்தேன். என்னுடையதைவிட நல்ல செருப்பு என்பதால் மறுவாரம் திருப்பிக் கொடுக்கும்வரை மனம் உறுத்திக்கொண்டே இருந்தது.

சேலம் கோட்டைப் பகுதியில், திருமணிமுத்தாற்றங்கரை ஜாமிஆ மசூதிக்கு நடந்து போகும் தூரத்தில், அத்தரும் தொப்பியும் கிதாபுகளும் விற்கும் ஒரு கடையின் மாடி அது. ஞாயிறுதோறும் அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்குப் பின், மஃரிப் எனும் அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைக்கும் வரை அங்கே ஒரு வகுப்பு நடக்கிறது. கைப்பேசியில் எதையாவது பார்த்து மார்க்கத்தில் ஐயம் வந்தவர்கள் கேட்கலாம் என்பது ஏற்பாடு. எட்டு வாரத்துக்கு 600 ரூபாய். ஏற்காட்டில் ஒரு நாள் முகாமுக்குத் தனியாக 850. தேநீர் உண்டு, சர்க்கரை அதிகம்.

துண்டுப் பிரசுரத்தில் 'இளைஞர்களுக்கு' என்று போட்டிருந்தது. எனக்கு வயது 51. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். என்னைச் சேர்த்துவிட்டது இளங்கலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள். பிள்ளையைக் கொண்டுபோய் விட வந்த தகப்பன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் என்னைக் கொண்டுவந்து விட்டாள் என்பதை நான் யாருக்கும் திருத்திச் சொல்லவில்லை.

காரணத்தைச் சொல்லாமல் மதிப்பீடு எழுதினால் அது பாதி எடைக் கல். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் என் அண்ணன் இறந்தார். மூச்சுக்கு ஏங்கி இறந்தார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வருவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கைப்பேசியை எடுத்து, இறந்தவர்களுக்கு என்ன ஓதுவது என்று தேட ஆரம்பித்தேன். நான்காவது காணொளியில் ஒருவர் ஓதுவதே வீண் என்றார். பத்தாவதில் ஒருவர், இந்த மார்க்கமே கொலைகாரர்களுடையது என்று ஒரு குர்ஆன் வசனத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். அடுத்து எதைப் பார்ப்பது என்று நான் தேட வேண்டிய வேலையே இல்லை. அதுவே கொண்டுவந்து கொடுத்தது. தொழுகையை நான் விடவில்லை. ஆனால் ஸுஜூதில், நெற்றியைத் தரையில் வைத்திருக்கும்போது, மனம் அந்தக் காணொளிக்காரனோடு வாதாடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மகள் எழுந்து வந்து கேட்டாள்: "அத்தா, இதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, யாரிடமாவது கேட்டீர்களா?"

அவளுக்கு என்மேல் பழைய கணக்கு ஒன்று உண்டு. அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது மொட்டை மாடியில் நிலாவைக் காட்டி, நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே பாங்கு ஓசை கேட்டார், பிறகு கெய்ரோவில் அதே ஓசையைக் கேட்டு முஸ்லிம் ஆகிவிட்டார் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு என் அத்தா சொன்னது. அவள் ஒன்பதாம் வகுப்பில் அதை எல்லோர் முன்னாலும் பெருமையாகச் சொல்லி, ஆசிரியை அது கட்டுக்கதை என்று விளக்கி, வகுப்பே சிரித்து, வீட்டுக்கு வந்து அழுதாள். ஆம்ஸ்ட்ராங் மதம் மாறவில்லை என்று 1983-லேயே அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்கு எழுதித் தெரிவித்திருக்கிறது. நான் அவளுக்குக் கதை சொன்னது அதற்கு எத்தனையோ வருடம் கழித்து. "இது பொய்யென்றால் நீங்கள் சொன்ன மற்றதெல்லாம்?" என்று அன்று அவள் கேட்டதற்கு நான் அதட்டிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன்.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. கேள்வியைச் சீட்டில் எழுதி, பெயர் போடாமல் அதில் போட வேண்டும். வகுப்பு எடுக்கும் மார்க்க ஆசிரியரை ஹஜ்ரத் என்போம்; வேலூரில் ஓதிப் பட்டம் வாங்கியவர், நாற்பதைத் தாண்டாதவர். சீட்டை எடுத்து முழுதாக, சத்தமாகப் படிக்கிறார். கேள்வி எவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தாலும் மழுப்புவதில்லை. 'இதைக் கேட்பதே பாவம்' என்ற பேச்சு எட்டு வாரத்தில் ஒரு முறைகூட வரவில்லை. முதல் நாளே, இமாம் முஸ்லிம் தொகுத்த நூலிலுள்ள ஒரு ஹதீஸை, அதாவது நபிமொழியை, சொன்னார். தோழர்கள் சிலர் நபியவர்களிடம் வந்து, வாய்விட்டுச் சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் எங்கள் மனதில் வருகின்றன என்றார்களாம். அதற்கு அவர்கள், அப்படி அஞ்சுவதுதான் தெளிவான ஈமான், இறைநம்பிக்கை, என்றார்களாம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொறியியல் மாணவன் மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. என்னுடையது அவனுக்குக் கேட்டிருக்கலாம்.

என் சீட்டு இரண்டாம் வாரம் வந்தது: அந்தக் 'கொல்லுங்கள்' வசனம். ஹஜ்ரத் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்துக் கொடுத்து ஒன்பதாம் அத்தியாயத்தை முதலிலிருந்து படிக்கச் சொன்னார். காணொளியில் காட்டியது ஐந்தாம் வசனம். அதற்கு முந்தையது, உடன்படிக்கையை முறிக்காதவர்களோடு அதன் தவணை முடியும்வரை நடந்துகொள்ளச் சொல்கிறது. அடுத்த ஆறாம் வசனம், இணைவைப்பவர்களில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, இறைவாக்கைக் கேட்கச் செய்து, பிறகு அவரைப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. பதின்மூன்றில் யாரைப் பற்றிய பேச்சு என்பது வருகிறது: சத்தியத்தை முறித்தவர்கள், முதலில் தாக்கத் தொடங்கியவர்கள். நான்கு நிமிட வாசிப்பு. ஏழு மாதம் நான் தூக்கம் கெட்டதற்கு நான்கு நிமிடம்! வெட்கமாக இருந்தது. காரணம், அப்துல் ஹமீது பாகவியின் மொழிபெயர்ப்பு என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், என் கல்யாணத்துக்கு வந்த அதே உறையில், இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது.

எல்லாச் சீட்டுக்கும் இப்படி விடை கிடைத்துவிடும் என்று நினைத்துப் போகாதீர்கள். சிலவற்றுக்கு, "எனக்குத் தெரியாது, பார்த்துவிட்டு வருகிறேன்" என்றார். சிலவற்றுக்கு ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்று இரண்டு பக்கத்தையும் சொல்லி நிறுத்திக்கொண்டார். மீசை முளைத்த ஒரு பையனுக்கு அது பிடிக்கவில்லை. மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டான்.

இந்த மனிதர் பேரில் எனக்கு நம்பிக்கை வந்தது அவர் தவறு செய்த நாளில்தான். சோதனை பற்றிப் பேசும்போது, "வெள்ளியைத் தீயில் போட்டால் அழுக்கெல்லாம் எரிந்து சுத்தமாவது போல" என்றார். பயான்களில், மார்க்கச் சொற்பொழிவுகளில், எல்லோரும் சொல்வதுதான். எனக்குப் பொறுக்கவில்லை. கையைத் தூக்கி, "ஹஜ்ரத், வெறும் தீயில் வெள்ளி சுத்தமாகாது, உருகத்தான் செய்யும். செம்பு உள்ளேயே இருக்கும். பழைய முறையில் ஈயம் சேர்த்துச் சாம்பல் குழியில் வைத்து ஊத வேண்டும். ஈயம் அழுக்கை இழுத்துக்கொண்டு சாம்பலில் இறங்கினால்தான் வெள்ளி தனியாக நிற்கும்" என்றேன். அறை அமைதியானது. "அப்படியா பாய்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு, டப்பாவைத் திறப்பதற்கு முன்பே, "சென்ற வாரம் நான் சொன்ன உவமை தவறு, இவர் திருத்தினார்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். நான் பார்த்த நூற்றுக்கணக்கான காணொளிகளில், தாக்கியவர்களும் சரி, தாங்கிப் பேசியவர்களும் சரி, ஒருவர்கூட மறுவாரம் வந்து 'தவறாகச் சொல்லிவிட்டேன்' என்று சொன்னதில்லை.

நபிமொழியாகச் சொல்லப்படும் 'சீனா சென்றேனும் கல்வி தேடு' என்பதை இப்னுல் ஜவ்ஸி போன்ற அறிஞர்கள் இட்டுக்கட்டப்பட்டவற்றின் வரிசையில் வைத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்ன அன்று பெரியவர்கள் இருவர் முகம் சுளித்தார்கள். நம் பள்ளி ஆண்டு விழா மேடைகளில் பாதி அந்த வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது.

குறைக்கு வருகிறேன். பெண்கள் பகுதி திரைக்குப் பின்னால், ஜன்னலை ஒட்டி. பலகை தெரியாது. கீழே போகும் பஸ்ஸின் ஹாரன் வேறு. என் மனைவி இரண்டு வாரம் வந்தாள். "காதால் மட்டும் கேட்க வேண்டுமென்றால் வீட்டில் அடுப்படியில் நின்றே கேட்பேன்" என்று சொல்லிவிட்டாள். என் மகள் விடவில்லை, சீட்டில் எழுதிப் போட்டாள். ஐந்தாம் வாரம் பலகையைத் திருப்பி வைத்தார்கள். இப்போது ஆண்களில் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. நாற்காலி ஐந்துதான், மூட்டுவலி உள்ளவர்கள் முன்னதாகவே போய்விட வேண்டும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. அண்ணனைப் பற்றி நான் எழுதிய சீட்டு நான்காம் வாரம் வந்தது. "நல்ல மனிதர், ஐந்து வேளைத் தொழுகையாளி, மூச்சு முட்டி ஏன் இறக்க வேண்டும்?" ஹஜ்ரத் அன்று அவசரத்தில் இருந்தார். சோதனை, பொறுமை, கூலி என்று அச்சடித்த விடையைச் சொல்லி அடுத்த சீட்டை எடுத்துவிட்டார். நான் எழுந்து வெளியே வந்து, கடைவீதியில் ஒரு தட்டுவடை செட் வாங்கி, பீட்ரூட்டும் காரச் சட்னியும் சட்டையில் வழியத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுவாரம் போகவில்லை.

ஆறாம் வாரம் மகள் இழுத்துக்கொண்டு போனாள். நான் அதே சீட்டை அப்படியே எழுதிப் போட்டேன். ஹஜ்ரத் எழுத்தை அடையாளம் கண்டிருக்க வேண்டும். "இதற்கு நான் முன்பு சொன்னது பதிலாகாது" என்றார். பிறகு நபியவர்களின் மகன் இப்ராஹீம் குழந்தையாகவே இறந்ததைச் சொன்னார். மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் அழுதார்கள். நீங்களுமா அழுகிறீர்கள் என்று கேட்டவரிடம், கண் நீர் சிந்துகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆனாலும் இறைவனுக்குப் பிடிக்காததைச் சொல்ல மாட்டோம் என்றார்கள். அதோடு அவர் நிறுத்தியிருந்தால் நான் மறுபடியும் எழுந்து போயிருப்பேன். அவர் தொடர்ந்தார்: அன்றைக்குச் சூரிய கிரகணம். மதீனாவில் மக்கள், இப்ராஹீம் இறந்ததால்தான் சூரியன் மறைந்தது என்று பேசிக்கொண்டார்கள். நபியவர்கள் எழுந்து நின்று, சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவர் இறந்தாலும் பிறந்தாலும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று சொன்னார்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து என் மகளின் இருமல் கேட்டது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

யோசித்துப் பாருங்கள். மகன் இறந்த அன்று, வானமே சாட்சி சொன்னது போல ஒரு அதிசயம் கைக்கு வருகிறது. பேசாமல் இருந்தாலே போதும், ஊரே நம்பும். அவர்கள் அதை வேண்டாம் என்றார்கள். என் அத்தாவும் நானும் நிலாவில் பாங்கு வைத்துப் பார்த்தோம். அன்று இரவு மகள் தேடி எடுத்துக் காட்டினாள்: வானியல் கணக்குப்படி அந்தக் கிரகணத்தை 632 ஜனவரி 27 என்று பொருத்துகிறார்கள். அவளிடம் அந்தப் பழைய கதைக்கு மன்னிப்புக் கேட்டேன். "சரி அத்தா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அண்ணன் ஏன் அப்படி இறந்தார் என்பதற்கு எனக்கு இன்னும் விடை தெரியாது. ஆனால் ஸுஜூதில் யாரோடும் வாதாடுவதில்லை.

ஏற்காடு முகாம் 850 ரூபாய்க்குத் தகாது. இருபது கொண்டை ஊசி வளைவிலும் வேன்காரர் வேகத்தைக் குறைக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். ஒரு காபித் தோட்டத்து வீடு, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, எல்லாம் அழகுதான். ஆனால் காலை முழுவதும் வெளியூரிலிருந்து வந்த ஒருவரின் நீண்ட பயான், ஒலிபெருக்கியில், எதிரே இருந்த முப்பது பேருக்கு! டப்பாவைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். பிரியாணியில் உப்பு இல்லை. தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளு செய்யக் குழாய் ஒன்றுதான், தண்ணீர் விரலை வெட்டியது.

ஒரே நல்ல விஷயம் லுஹர் எனும் நண்பகல் தொழுகை நேரத்தில் நடந்தது. கிப்லா, அதாவது தொழும்போது நோக்க வேண்டிய மக்கா கஅபாவின் திசை, எந்தப் பக்கம் என்று மூன்று பேர் கைப்பேசியை எடுத்தார்கள். மூன்றும் மூன்று திசை காட்டின. வேனுக்குப் பக்கத்தில் நின்றவருடையது ஏறக்குறைய தெற்கையே காட்டியது. இரும்பு அருகில் இருந்தால் திசைகாட்டி குழம்பும் என்றாள் மகள். ஹஜ்ரத் வெயிலில் ஒரு குச்சியை நட்டு, நிழல் நுனியில் ஒரு கல், இருபது நிமிடம் கழித்து இன்னொரு கல் வைத்து, கிழக்கு மேற்குக் கோட்டை இழுத்தார். நம் பகுதியில் மேற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 20 பாகை திரும்ப வேண்டும் என்று காட்டினார். மே மாதக் கடைசியில் ஒரு நாளும் ஜூலை நடுவில் ஒரு நாளும் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே வரும், நம் கடிகாரத்தில் பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்பு; அப்போது சூரியன் நிற்கும் பக்கமே கிப்லா என்றும் சொன்னார். பிள்ளைகள் பயானைவிட இதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் பட்டறையில் போன மே மாதம் பார்த்தேன். நான் இத்தனை வருடம் தொழுத விரிப்பு கொஞ்சம் கோணல்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். ஏற்காட்டைக் கழித்தால் நான்கு. விவாதத்தில் ஜெயிக்கக் குறிப்பெடுக்க வருபவர்களுக்கு இந்த வகுப்பு பயன்படாது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருப்பவர்கள் போகலாம்.

போன வாரம் ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் நிலாப் பாங்குச் செய்தி மறுபடியும் வந்தது. அனுப்பியவர் என் மனைவியின் தாய்மாமா. 'இது உண்மையல்ல' என்று எழுதி, கிரகண ஹதீஸையும் கீழே போட்டேன். மாமா குழுவைவிட்டு வெளியேறிவிட்டார். நாளை மறுநாள் அவர் வீட்டில் குழந்தை பிறந்ததற்கான அகீகா விருந்து. மனைவி என்னை முன்னால் போகச் சொல்கிறாள்.